ஆட்டம் நடக்கும் இரவிலும் மேடை ஏறலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெரிய ஆட்டம் ஒன்று வந்துவிட்டால் அன்று இரவுக்குப் போட்டிருந்த நகைச்சுவை நிகழ்ச்சியை ரத்து செய்வது வழக்கமாகிவிட்டது. இறுதிப் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம், "யார் வரப்போகிறார்கள்?" என்று அமைப்பாளரே முதலில் கையை விரித்துவிடுகிறார். ரத்து செய்யாதவர்களில் பலர் அப்படி ஓர் ஆட்டமே நடக்காதது போல நிகழ்ச்சியை ஆரம்பித்து, பாதியில் கூட்டத்தைப் பறிகொடுக்கிறார்கள். ஒருவர் தனியாக மைக்கின் முன் நின்று சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் மேடையை ஒருங்கிணைப்பவர்களும் அதில் ஏறுபவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். இரண்டு வழியுமே தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் கவனத்தைக் கலைப்பது ஸ்கோர் தெரியாத தவிப்பு. அந்தத் தவிப்பைத் தீர்க்கும் பொறுப்பை மேடை ஏற்றுக்கொண்டால், ஆட்டம் நடக்கும் நேரத்திலேயே நல்ல நிகழ்ச்சி ஒன்றை நடத்த முடியும். எப்படி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அன்று வருபவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். விளையாட்டில் அக்கறையே இல்லாதவர்கள் வருவார்கள். ஆட்டத் தேதி தெரிவதற்கு முன்பே டிக்கெட் வாங்கியவர்கள் வருவார்கள். இந்த இரு சாராரும் நன்றாகக் கேட்பார்கள், சிரிப்பார்கள். மூன்றாவது வகை, வீட்டில் உள்ளவர்களுக்காகவோ நண்பர்களுக்காகவோ வந்தவர். உடம்பு இங்கே, மனசு அங்கே. அவர் மடிக்குக் கீழே ஃபோனைப் பிடித்துக் குனிந்தால் முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கும். மேடையில் நிற்பவருக்கு இருட்டில் தெரிகிற ஒரே முகம் அதுதான். பக்கத்தில் இருப்பவர் "என்ன ஆச்சு?" என்று கிசுகிசுப்பார், அதற்குப் பின்வரிசையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்ப்பார். ஒரு ஃபோன் ஐந்து பேரைக் கொண்டுபோய்விடும். நிகழ்ச்சியைத் திட்டமிடும்போது இந்த மூன்றாவது ஆளை மனதில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

நேரத்தை வைக்க மூன்று வழி உண்டு: ஆட்டத்துக்கு முன், பின், அல்லது கூடவே. முன்னால் வைப்பது எளிது. ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கால் மணி நேரம்தான் விட்டீர்கள் என்றால், வீடு போய்ச் சேர வேண்டியவர்கள் கடைசிக் கலைஞர் பேசும்போதே எழுந்துவிடுவார்கள்.

பின்னால் வைப்பதுதான் பெரிய ஆபத்து. ஆட்டம் இத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி சமனில் முடிந்தது. சூப்பர் ஓவரும் சமனாகி, பவுண்டரிகளை எண்ணித்தான் வெற்றியை முடிவு செய்தார்கள். அதே நாளில் விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி 4 மணி 57 நிமிடம் நீண்டது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் 79 நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் பத்து நிமிடத்தில் கதவைத் திறக்கலாம்" என்று முடிவு செய்த எந்த அரங்கமும் ஏமாந்திருக்கும். 80, 81-ஆவது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். கூடுதல் நேரத்துக்குப் பின் 3-3, பிறகு பெனால்ட்டி. 2023 ஐபிஎல் இறுதிப் போட்டியோ மழையால் மே 28-இலிருந்து 29-க்குப் போய், மறுபடி மழை குறுக்கிட்டு, நள்ளிரவுக்குப் பின் மே 30 பிறந்த பிறகுதான் முடிந்தது. ஆட்டத்துக்குப் பின் நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்வதானால், "முடிவு தெரிந்து 40 நிமிடத்தில் தொடங்கும்" என்று போடுங்கள். இன்ன மணியைத் தாண்டிவிட்டால் நிகழ்ச்சி வேறு தேதிக்குப் போகும் என்பதையும் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். அந்தக் கடைசி நேரம் போடப்படாத டிக்கெட்டால் வரும் சண்டை வாசலில்தான் வெடிக்கும், பதில் சொல்ல வேண்டியவர் கதவருகே நிற்கும் தன்னார்வலராக இருப்பார்.

எங்கள் விருப்பம் கூடவே நடத்துவது. இது நேரக் கணக்கு தெரிந்தால் மட்டுமே சரியாக வரும், ஆகவே ஒரு டி20 ஆட்டத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

ஆட்டம் 7.30-க்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வதேச டி20 விதிப்படி ஓர் இன்னிங்ஸுக்கு 85 நிமிடம், நடுவே 20 நிமிட இடைவேளை. நடைமுறையில் ரிவ்யூ, காயம், பேட் மாற்றுவது என்று இழுத்து, முதல் இன்னிங்ஸ் 9.00-க்கும் 9.10-க்கும் நடுவே முடியும். நிகழ்ச்சியை 8.10-க்குத் தொடங்குங்கள். தொகுப்பாளருக்கு 8 நிமிடம், முதல் இரண்டு கலைஞர்களுக்குத் தலா 12, மூன்றாமவருக்கு 15. அறிமுகம், கைத்தட்டல் எல்லாம் சேர்த்து 9.05-க்கு முதல் பாதி முடிந்துவிடும். அங்கே நம் இடைவேளையை விட்டால் வெளியே வந்து ஃபோனைப் பார்ப்பவர் எதையும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் அங்கேயும் இடைவேளைதான். 9.30-க்கு மறுபடி உள்ளே. தொகுப்பாளர் 5 நிமிடம் பேசி அறையைச் சூடேற்றிக் கொடுத்ததும், ஹெட்லைனர், அதாவது அன்றைய முக்கியக் கலைஞர், 45 நிமிடம் பேசி 10.20-க்கு முடிப்பார். இரண்டாவது இன்னிங்ஸின் 15-ஆவது ஓவர் அநேகமாக 10.35-ஐ ஒட்டி முடியும். ஆக, கடைசி ஐந்து ஓவரைப் பார்க்க விரும்புகிறவர் வெளிக்கூடத்துக்குப் போய்ச் சேர கால் மணி நேரம் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தையும் சேர்த்து விற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால் மூன்றாவது ஆள் ஹெட்லைனரின் நடுவில் எழுந்து போகமாட்டார்.

இதில் எது தவறும்? முதலில் ஆடும் அணி 14 ஓவரில் சுருண்டால் தவறும். இன்னிங்ஸ் 8.40-க்கே முடிந்துவிடும், நாமோ 9.05 வரை பேசிக்கொண்டிருப்போம். அதனால் மூன்றாவது கலைஞரின் இடத்தை நகரக்கூடிய இடமாக வைத்திருக்க வேண்டும். அப்படி நடந்தால் இரண்டாமவர் முடித்ததும் இடைவேளை விட்டு, மூன்றாமவரைப் பின்பாதியில் முதலாவதாக ஏற்றலாம். ஹெட்லைனர் ஐந்து நிமிடம் குறைத்துக்கொள்வார். இதை மூன்று பேரிடமும் மாலையிலேயே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், மேடைக்குப் போகிற வழியில் சொல்லக் கூடாது.

கால்பந்துக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அரை ஆட்டம் 45 நிமிடமும் கூடுதல் நிமிடங்களும், இடைவேளை 15 நிமிடம் மட்டும். 75-ஆவது நிமிடத்துக்குள் முடிக்க நினைத்தால் ஹெட்லைனருக்கு 25 நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. நீளமான செட் (ஒரு கலைஞர் மேடையில் தொடர்ந்து பேசும் பகுதி) வைத்திருப்பவரை அன்று அழைக்காமல் இருப்பதே நல்லது.

இனி ஸ்கோர். இதற்கென்று ஒரே ஓர் ஆளை நியமியுங்கள், அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைத்த ஒரு திரையில், எழுத்தாக வரும் ஸ்கோர் பக்கத்தை மட்டும் அவர் பார்க்க வேண்டும். வீடியோ வேண்டாம். இணையத்தில் வரும் நேரலை, டிவியைவிட அரை நிமிடம்வரைகூடப் பின்தங்கும். பக்கத்து அறையில் கூச்சல் கேட்டுவிட்ட பிறகும் நம் ஆளின் திரையில் பந்துவீச்சாளர் ஓடி வந்துகொண்டிருப்பார். தொகுப்பாளர் ஒவ்வொரு முறை மேடை ஏறும்போதும் ஒரு துண்டுச் சீட்டு அவர் கையில் போக வேண்டும்: ரன், விக்கெட், ஓவர். தொகுப்பாளர் அதைப் படித்துவிட்டு அடுத்தவரை அழைப்பார். 15 வினாடி போதும். "ஐயோ, அவர் அவுட்டா!" என்று விமர்சனத்தில் இறங்கினால் அறை இரண்டு நிமிடத்துக்கு விவாத மேடையாகிவிடும், அடுத்து வருகிற கலைஞர் அதை அணைப்பதற்கே தன் முதல் மூன்று ஜோக்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "ஒவ்வொரு கலைஞருக்கும் நடுவில் ஸ்கோர் சொல்வோம், ஃபோனை உள்ளே வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வாக்கியம். சொன்னபடி முதல் முறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஃபோன்கள் பைக்குள் போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆட்டத்தைப் பதிவு செய்துவைத்துப் பிறகு பார்க்கப்போகிறவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு ஸ்கோர் தெரியக் கூடாது. இருவரையும் ஒரே அறையில் திருப்திப்படுத்த முடியாது. ஆகவே "இந்த நிகழ்ச்சியில் ஸ்கோர் அறிவிக்கப்படும்" என்று டிக்கெட் விற்கும்போதே எழுதிவிடுங்கள். ஃபோனைப் பூட்டிவைக்கும் பை மற்ற நாட்களில் நல்ல உத்திதான். ஆட்ட இரவில் அது தவிப்பைக் கூட்டும், கழிப்பறைக்குப் போகிற சாக்கில் எழுபவர்கள் பெருகுவார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதனால் செட்டுகள் பாழாகின்றன. அரங்கின் பின்புறம் கலைஞருக்கு நேரம் காட்ட ஒரு சிறு விளக்கு இருக்கும். அது எரிந்தால் இன்னும் ஒரு நிமிடமோ இரண்டோதான் பாக்கி. விக்கெட் விழுந்ததைச் சொல்ல அதே விளக்கைப் போடாதீர்கள். கலைஞர் தன் நேரம் முடிந்ததாக நினைத்து, பத்து நிமிட ஜோக்குச் சரக்கைத் தாண்டிக் குதித்துக் கடைசி ஜோக்குக்கு வந்துவிடுவார். பேசிக்கொண்டிருப்பவருக்கு ஸ்கோர் எந்த வடிவிலும் போகத் தேவையில்லை.

அப்படியும் வெளியிலிருந்து பெருங்கூச்சல் வரும். கோல், சிக்ஸர், கடைசி விக்கெட், எதுவாகவும் இருக்கலாம். கேட்காதது போலப் பேசிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அந்த வினாடியில் அறை முழுவதும் கதவுப் பக்கம் திரும்பியிருக்கும், காற்றில்தான் பேசிக்கொண்டிருப்போம். நிறுத்துங்கள், கூச்சல் அடங்கட்டும். தொகுப்பாளர் ஓரத்திலிருந்து ஒரே வரியில் என்ன நடந்தது என்று சொல்லட்டும். பிறகு எங்கே விட்டோம் என்பது முக்கியம். ஜோக்கின் முன்கதை நடந்துகொண்டிருக்கும்போது கூச்சல் வந்திருந்தால், அந்த ஜோக்கை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நடுவிலிருந்து தொடர்ந்தால், கேட்டவர் தலையில் முன்கதை இருக்காது, சிரிக்கவைக்கும் கடைசி வரியான பஞ்ச் வந்து விழும்போது பிடிக்க ஆள் இருக்காது. கூச்சல் பஞ்சின் மேலேயே விழுந்துவிட்டால் அந்த ஜோக் போனது போனதுதான். அதைத் திரும்பச் சொன்னால் சிரிப்பு வராது, பரிதாபம்தான் வரும். அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

டிவியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல நிகழ்ச்சிகள் நடப்பது உணவகத்தின் ஒரு பகுதியிலோ மாடியிலோதான், சுவரில் டிவி இருக்கும். "சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட விடுகிறோம்" என்பார் இடத்துக்காரர். சத்தமில்லாத டிவிதான் சத்தமுள்ள டிவியைவிடக் கெடுதல். அசையும் படத்தைக் கண் தானாகத் தேடிப் போகும், காது சும்மா இருப்பதால் மூளை அந்தப் படத்துக்குக் கதை கட்டத் தொடங்கும். மேடைக்குப் பின்னால் டிவி இருந்தால் நிகழ்ச்சியே வேண்டாம். அணைத்துவிட முடியாதென்றால், கதவுக்கு அப்பால் வேறு அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்கு நடுவே ஆட்டத்தையே பெரிய திரையில் போடலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. கட்டணம் வாங்கும் நிகழ்ச்சியில் ஒளிபரப்பைக் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். உலகக் கோப்பைக் கால்பந்தைப் பொதுவெளியில் வணிக நோக்கில் திரையிட ஃபிஃபா தனியாக உரிமமே கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பெரிய திரையில் ஆட்டம் ஓடி முடிந்த அறையில் ஒற்றை மனிதர் ஒற்றை மைக்கோடு வந்து நின்றால் எடுபடமாட்டார்.

பக்கத்து அறையில் ஆட்டம் ஓடும் என்றால், சவுண்ட் செக்கின்போதே அந்த டிவியை ஆட்ட நேரச் சத்தத்தில் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காலி அறையில் அமைதியாக மைக் சோதித்துவிட்டுப் போவதில் பயனில்லை. கதவிடுக்கு வழியாகத்தான் பெரும்பாலும் சத்தம் வரும். கனமான திரைச்சீலையைத் தரை தொடும்படி தொங்கவிட்டால் ஓரளவு குறையும். ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிப் போட்டியிடாதீர்கள், அதைக் கூட்டத்துக்கு அருகே நகர்த்துங்கள். சத்தம் கூடக் கூட மைக் ஊளையிடும், கலைஞரும் தானறியாமல் கத்தத் தொடங்குவார். கத்திச் சொன்ன ஜோக்கில் நிறுத்தங்கள் காணாமல் போய்விடும்.

கூட்டம் குறையும், அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். 120 நாற்காலி போடும் அறைக்கு 40 பேர்தான் வருவார்கள் என்று தெரிந்தால் 45 நாற்காலியை மட்டும் வைத்துவிட்டு மீதியைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். அடுக்கி ஓரத்தில் வைத்தாலும் கண் எண்ணிவிடும். மேடையை முன்னே கொண்டுவந்து, முதல் வரிசை நிரம்பிய பிறகே இரண்டாவதில் உட்காரவிடுங்கள். கதவருகே நான்கைந்து ஓர இருக்கைகளை மட்டும் வெளியே போய்வர நினைப்பவர்களுக்கு என்று ஒதுக்கலாம், அவர்கள் மேடை வெளிச்சத்தைக் கடக்காமல் போய்வருவார்கள். சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன், தனியாக இருப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். தோள் உரச உட்கார்ந்த 40 பேர் தரும் சிரிப்பை, 120 இருக்கையில் சிதறிய 70 பேர் தரமாட்டார்கள்.

சரக்கை அன்றைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஏழு நிமிடக் கதையைவிட அரை நிமிட, ஒரு நிமிட ஜோக்குகள் பாதுகாப்பானவை, கூச்சல் வந்தால் இழப்பு சின்னதாக இருக்கும். நீளமான கதை இருந்தால் இடைவேளை முடிந்த கையோடு சொல்லிவிட வேண்டும், எல்லோரும் ஸ்கோர் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான். முதலில் விதைத்த ஜோக்கைக் கடைசியில் திரும்பக் கொண்டுவந்து அறுக்கும் கால்பேக் அன்று பலிப்பது கடினம், விதைத்தபோது எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது தெரியாது. "எத்தனை பேர் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்?" என்ற கேள்வியைத் தொகுப்பாளர் ஒரு முறை கேட்கலாம். ஒவ்வொரு கலைஞரும் கேட்டால், ஒவ்வொரு முறையும் கூட்டத்தை நாமே அரங்கைவிட்டு அனுப்புகிறோம் என்று பொருள். விளையாட்டு ஜோக் மொத்த நிகழ்ச்சிக்கும் மூன்று நிமிடம் போதும். ஆட்டத்திலிருந்து தப்பித்து வந்தவர்கள்தான் அன்று முழுக் காசு கொடுத்து, முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள்.

முடிவு தெரிந்த பிறகு மேடை ஏறுபவர் இரண்டு தொடக்கங்களோடு வர வேண்டும், ஒன்று வெற்றிக்கு, ஒன்று தோல்விக்கு. வெற்றி இரவு எளிது என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. வென்ற கூட்டம் தன் சந்தோஷத்தைத் தானே பேசிக்கொண்டிருக்கும், ஒருவர் சொல்வதைக் கேட்கிற மனநிலையில் இருக்காது. குறுக்கே பேசுவார்கள், கோஷம் போடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் அவர்களோடு பேச்சுக் கொடுத்து, பிறகே எழுதிவைத்த சரக்குக்கு வர வேண்டும். தோற்ற கூட்டம் அமைதியாக இருக்கும், ஆனால் கேட்கும். தோல்வியை ஒரு வரியில் நேராகச் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போனால், சிரிக்க ஓர் இடம் கிடைத்த ஆறுதலில் நன்றாகவே சிரிப்பார்கள். கேட்ச் விட்டவரையும் பெனால்ட்டியைத் தவறவிட்டவரையும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். காயம் ஆறாத இடத்தில் விரல் வைத்தால் அறை மூடிக்கொள்ளும்.

பணத்தைப் பற்றி மட்டும் சுருக்கமாக. டிக்கெட் வசூலில் பங்கு என்ற ஒப்பந்தம் அன்று கலைஞரைத்தான் அடிக்கும். குறைந்தபட்சத் தொகை ஒன்றை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்யுங்கள். ரத்து செய்வதானால் 48 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். நாக்-அவுட் சுற்றுகளில் எந்த அணி ஆடும் என்பது சில நாட்களுக்கு முன்புதான் தெரியவரும், அதனால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை டிக்கெட் வாங்கியவருக்குக் கொடுங்கள். இலவச டிக்கெட்டை அள்ளி வீசி அறையை நிரப்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். காசு கொடுக்காதவர் ஆட்டம் சூடுபிடித்தால் வரமாட்டார், நீங்கள் அவரை நம்பிப் போட்ட நாற்காலி காலியாகக் கிடக்கும். ஒரே இரவில் இரண்டு இடத்தில் மேடை ஏறும் கலைஞர்களும் அன்று ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆட்டம் முடிந்ததும் சாலை எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் தொடங்கும் நேரத்தை மட்டும் வெளியிடுகிறீர்கள். பெரிய ஆட்டம் இருக்கும் நாட்களிலாவது, அமைப்பாளர்கள் தரும் இடைவேளை நேரத்தையும் முடியும் நேரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். "8.10-க்குத் தொடக்கம், 9.05-க்கு இடைவேளை, 10.20-க்கு நிறைவு, ஸ்கோர் அறிவிக்கப்படும்" என்று அந்த ஒற்றை வரியைப் படிக்கும் வாசகருக்கு, கடைசி ஐந்து ஓவரும் கிடைக்கும் என்பது புரிந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலே, ரத்தாக இருந்த நிகழ்ச்சி நடக்கும்.

இப்படிக்கு,
நகைச்சுவை மேடை ஒருங்கிணைப்பாளர்களும் கலைஞர்களும் சிலர்